கொண்டைமலைக்குக் கொண்டை இல்லாத நாற்பத்தொரு நாள்

கொண்டைமலையின் உச்சி மலையை விட்டு இறங்கிவந்து ஏலத்தோப்பு பஸ் ஸ்டாப்பில் நின்ற அந்த வருஷம், தை மாசப் பனி கொஞ்சம் கூடுதல் என்பதைத் தவிர ஊரில் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. காப்பிக்கொட்டை வழக்கம்போலக் களத்தில் காய்ந்தது, பள்ளிக்கூட மணி வழக்கம்போலப் பத்து நிமிஷம் பிந்தி அடித்தது, மலைக் கமிட்டி வழக்கம்போலச் செவ்வாய்க்கிழமை கூடி, வழக்கம் மாறக்கூடாது என்று வழக்கம்போலத் தீர்மானம் போட்டது.

அந்த வழக்கம் இதுதான். கொண்டைமலை எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது அடி உயரம், ஏறி இறங்க ஐந்து நாள். முதல் நாள் ஏலக்காட்டு ஈரத்தில், காலுறைக்குள் புகையிலைத்தூளைப் போட்டுக்கொண்டு, அப்படியும் அட்டைக்குக் கொடுக்க வேண்டிய ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, யானைப்பாறையில் படுக்கை. இரண்டாம் நாள் சோலைக்குள் வேரைப் பிடித்து வேரைப் பிடித்து ஏறி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரே ஆள் நுழைகிற காத்துவாசலைத் தாண்டிக் கூடாரம். மூன்றாம் நாள் புல்மேடு. மரமே இல்லாத, முடிவே இல்லாத, பத்தடிக்கு ஒரு தடவை நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைக்கிற புல்மேடு. அதன் தலைமாட்டில் கடைசிச் சுனை. நாலாம் நாள் விடிந்ததும் அங்கிருந்து அரை மணி நேரம் ஏறினால் கொண்டை: அறுபது அடி ஒற்றைப் பாறை, அதன் பிடரியில் ஒரு கோணல் காட்டுப்பூவரசு, மரத்தில் சிவப்புப் பூ, பூவில் தேனீ. அந்த அரை மணி நேரம் மட்டும் ஆண்களுக்கு. பெண்கள் சுனையோடு நின்றுவிட வேண்டும்.

ஏன் என்று கேட்டால், டீக்கடை வைத்திருக்கும் கமிட்டித் தலைவர் ராசாங்கம், "சாமி பிரம்மச்சாரி" என்பார். மேலே சாமியே கிடையாதே என்றால், "இருந்திருந்தா பிரம்மச்சாரியாத்தான் இருந்திருக்கும்" என்பார். கமிட்டிச் செயலாளர், மேல்காற்று பொம்பளை உடம்புக்கு ஆகாது என்பார். அவர் டாக்டருக்குப் படித்தவரில்லை, ஒரு கம்பவுண்டரைச் சைக்கிளில் வைத்துக் கொஞ்சநாள் மிதித்தவர். மிச்சப்பேரைக் கேட்டால், இதையெல்லாம் கேட்கக்கூடாது என்பதுதான் காரணம் என்பார்கள். மூன்றில் அதுதான் நேர்மையான பதில்.

நாகஜோதிக்கு இருபத்தேழு வயது. பதினெட்டு வயதிலிருந்து மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறாள். இரண்டாம் நாள் மத்தியானம் யார் உட்கார்ந்து அழுவார்கள் என்பதை முதல் நாள் ஷூ லேஸ் கட்டுகிற லட்சணத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மூக்கால் மூச்சு விடு, வாயால் பேசாதே, நின்றால் நில் உட்காராதே என்று விரட்டி விரட்டி நூற்றுப்பன்னிரண்டு கூட்டங்களைக் கடைசிச் சுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். சேர்த்ததும் என்ன செய்வாள் என்றால், கழுத்தில் கிடக்கும் விசிலைக் கழற்றிப் பரமன் மாமா கையில் கொடுப்பாள். பரமன் மாமாவுக்கு நாற்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி. மூன்று நாளும் அவளுக்குப் பின்னால், கடைசி ஆளாக, செங்குத்து வந்தால் அவள் கையையே பிடித்துக்கொண்டு ஏறிவருகிற மனிதர், சுனைக்கு வந்ததும் விசிலை மாட்டிக்கொண்டு, ஆண்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து, "என் பின்னாடியே வாங்க, பயப்படாதீங்க" என்பார். நாகஜோதி திரும்பி உட்கார்ந்து பாத்திரம் கழுவுவாள்.

அந்த மார்கழியில் டவுன் ஆபீசிலிருந்து ஒரு ஃபாரம் வந்தது. அடுத்த சீசனிலிருந்து லைசென்ஸ் உள்ளவர்கள்தான் ஆட்களைக் கூட்டிப்போகலாம்; லைசென்ஸ் வேண்டுமென்றால் ஃபாரத்தில் இரண்டு கட்டத்தை நிரப்ப வேண்டும். ஒன்று, உச்சி ஏறிய நாள். இரண்டு, ஏறியதைக் கண்ணால் கண்ட உள்ளூர்ச் சாட்சிகள் இருவர். பங்குனிக்குள் அனுப்ப வேண்டும். பரமன் மாமா ஒரே நிமிஷத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டார். நாகஜோதி ராசாங்கத்தின் கடைக்குப் போனாள்.

"சித்தப்பா, ஒரு நாள் மட்டும் மேல ஏறிக்கிறேன். கையெழுத்துப் போடுங்க."

"அது முடியாதுத்தா."

"அப்ப லைசென்ஸ் இல்லாம நான் என்ன செய்யிறது?"

"ஏன், சமைக்க, செமக்க ஆளு வேணும்ல? உன்ன யாரு போகச் சொன்னா?" என்றார் ராசாங்கம், மிகுந்த பெருந்தன்மையோடு.

நூற்றுப்பதின்மூன்றாவது கூட்டம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது, நாலு ஆண், இரண்டு பெண். நாலாம் நாள் விடியலில் பரமன் மாமா விசிலை வாங்கிக்கொண்டு ஆண்களோடு போனதும், ஷர்மிளா என்ற பெண் சுக்குக்காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏன்க்கா, அஞ்சு நாள் லீவு போட்டு, ரெண்டு நகம் பேந்து, இங்க வந்து காப்பி குடிக்கவா நான் வந்தேன்?" என்றாள். நாகஜோதி ஒன்பது வருஷமாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அது. அவள் மண்ணள்ளிப் போட்டுக் காப்பிச்சட்டியைத் தேய்த்தபடியே, தலையைத் தூக்காமல், மலையைப் பார்த்துச் சொன்னாள்: "நான் வரக்கூடாதுன்னுதான சொல்லிருக்காய்ங்க. நீ வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலயே."

ஒரு மணி நேரம் கழித்து ஆண்கள் இறங்கி வந்தார்கள். பரமன் மாமா முகம் தொங்கிப்போயிருந்தது.

"மேல போயிப் பாத்தா மொட்டையா இருக்கு தாயி. வழி தப்பிட்டேனோ என்னமோ."

"அரை மணி நேர வழியில எங்கிட்டு மாமா தப்புவீங்க?"

"அதத்தான் நானும் யோசிச்சேன்."

"அக்கா," என்றாள் ஷர்மிளா, "உங்க பின்னாடி ஒண்ணு நிக்குதே, அதான்னு பாருங்க."

அதுதான். அறுபது அடியும், கோணல் மரமும், பூவும் தேனீயுமாக, கூடாரத்துக்குப் பத்தடி தள்ளி, கூப்பிட்டு வந்துவிட்டு என்ன பேசுவது என்று தெரியாத விருந்தாளி மாதிரி நின்றது. நாகஜோதி சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கூடாரத்தைச் சுருட்டுங்கள், வெயில் ஏறுவதற்குள் இறங்கவேண்டும் என்றாள். இறங்கினார்கள். கொண்டையும் இறங்கியது. அது நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அது அசையாது, கண்ணை எடுத்து மறுபடி பார்த்தால் பத்தடி பின்னால் நிற்கும். காத்துவாசலில் எல்லாரும் நுழைந்து இந்தப் பக்கம் வந்து, அது மாட்டிக்கொண்டது என்று நினைத்து லேஸ் கட்டக் குனிந்து நிமிர்ந்தபோது, அதுவும் இந்தப் பக்கம் நின்றது, ஒரு பூகூட உதிராமல்.

ஏலத்தோப்பில் அதை முதலில் பார்த்தது ராசாங்கத்தின் சம்சாரம் செல்வராணி. கடையில் அடுப்படி அவள் பொறுப்பு.

"என்ன சோதி, கொண்டையையும் கூட்டிட்டு வந்துட்ட?"

"நான் கூட்டல சித்தி, அதுவா வந்துச்சு."

"சரி, ஓரமா நிக்கச் சொல்லு. பஸ்சு திரும்பணும்."

இப்படித்தான் கொண்டை ஊருக்குள் வந்தது. நாகஜோதியின் வீடு டீக்கடைக்குப் பின்னால் என்பதால் அது டீக்கடைக்கு முன்னால் நின்றது, அவள் ரேஷன் கடைக்குப் போனால் ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆளாக நின்றது, அவள் துவைக்கப் போனால் ஓடைக்கரையில் நின்றது. வரும்போது தன் காற்றையும் கொண்டுவந்திருந்தது. அதைச் சுற்றி இருபதடிக்கு எட்டாயிரத்து அறுநூறு அடிக் குளிரும், எட்டாயிரத்து அறுநூறு அடி மூச்சுத்திணறலும் எப்போதும் இருந்தன. டவுன் பஸ் டிரைவர் அந்த இருபதடிக்குள் வந்ததும் காது அடைக்கிறது என்று வண்டியை நிறுத்திக் கொட்டாவி விட்டுவிட்டுத்தான் கிளம்புவார். உடற்பயிற்சி வாத்தியார் பிள்ளைகளைத் தினமும் அதைச் சுற்றி ஐம்பது தடவை ஓடவிட்டார். அந்த மாசம் மாவட்டப் போட்டிக்குப் போன பிள்ளைகள், கீழே காற்று இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில், பந்தயம் முடிந்த பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார்களாம். பூக்காரம்மா மல்லிகைக் கூடையை அதன் அடிவாரத்தில் வைத்தாள், பூ மூன்று நாள் வாடவில்லை. வெள்ளாடுகள் மரத்தைத் தின்ன ஏறின. பையன்கள் பட்டம் விட ஏறினார்கள். ஊர்ச் சண்டைகள் எல்லாம் அங்கே வைத்துத்தான் தீர்ந்தன, ஏனென்றால் அந்த இருபதடிக்குள் யாராலும் தொடர்ந்து நாலு வார்த்தை கத்த முடியாது.

செல்வராணிக்கு மட்டும்தான் கோபம். கடை வாசலில் கொண்டை நின்றால் உலை சீக்கிரம் கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. கொதிக்கிற டீயைக் கை வைத்துப் பார்க்கலாம். மாவு புளிக்காது, இட்லி கல்லாக வரும்.

"வழக்கம், வழக்கம்னு கட்டிக் காத்தீங்களே," என்றாள் புருஷனிடம், "அது வாசல்ல வந்து நின்னு என் துவரம்பருப்பக் கெடுக்குது, பாருங்க."

ராசாங்கம் கமிட்டியைக் கூட்டினார். பெண்கள் கொண்டையிலிருந்து இருபதடி தள்ளி நிற்கவும் என்று பலகை எழுதி நட்டார்கள். கொண்டை நகர்ந்துவிட்டது, பலகை நின்றது. பலகையைப் பிடுங்கி அதன் பின்னாலேயே தூக்கிக்கொண்டு திரிய ஆள் வேண்டும் என்று பரமன் மாமாவைப் போட்டார்கள். அவர் இரண்டு நாள் தூக்கிவிட்டு, முட்டி வலிக்கிறது என்று பலகையைக் கொண்டையின் மேலேயே சாய்த்து வைத்தார். பிறகு, பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது நகராதே என்று ஒருவர் புத்தி சொல்ல, ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து அதையே முறைத்துப் பார்க்கிற வேலை ஏற்பாடானது. முறைக்கிறவர்களுக்கும் கண் என்று ஒன்று இருக்கிறதல்லவா. தும்மினால் மூடுகிற கண்.

நாகஜோதியைக் கமிட்டிக்கு வரச்சொன்னார்கள். வந்தாள். கூட்டம் நடந்த கட்டடத்துக்கு வெளியே கொண்டையும் வந்து நின்றது, எல்லாருக்கும் மூச்சு வாங்கியது.

"உன்னால ஊரு வழக்கம் கெட்டுப்போச்சு," என்றார் செயலாளர்.

"ஒரு கேள்வி. நீங்க எங்களத் தடுக்குறது அந்தக் கல்லுக்காகவா, இல்ல கல்லு இருந்த எடத்துக்காகவா?"

"ரெண்டுக்குந்தான்," என்றார் ராசாங்கம்.

"கல்லுன்னா, அது இப்ப உங்க வாசல்ல நிக்கிது. சித்தி வாசத் தெளிக்கலாமா, கூடாதா? நேத்துத் தெளிச்சாங்க, எந்தச் சாமியும் கோவிச்சுக்கல. எடம்னா, அங்க இப்ப மொட்டத் தரைதான். மொட்டத் தரைக்குப் பொம்பள போனா யாருக்கு என்ன? அங்க ஏறுறேன், விடுங்க."

"எதுத்துப் பேசாத."

"எதுத்துத்தான் பேசணும் சித்தப்பா. ஒரே பக்கமா ஒக்காந்து பேசுனா அதுக்குப் பேரு பஜனை."

ராசாங்கம் ஏதோ சொல்ல வந்தார், காற்றுப் போதவில்லை.

அன்று செல்வராணி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன்டி இப்படிக் கத்துகிறாய், வாசலில்தானே நிற்கிறது, ஆடே ஏறுகிறது, நீயும் ஏறி ஒரு போட்டோ எடுத்து ஃபாரத்தில் ஒட்டி அனுப்பிவிடு என்றாள். நாகஜோதி கொண்டையை நிமிர்ந்து பார்த்தாள். பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பஸ் ஸ்டாப்புல நின்னா அது உச்சியா சித்தி? கல்லு. வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து குடுக்குற உச்சி எனக்கு வேண்டாம். எட்டாயிரத்து அறுநூத்து நாப்பது அடி இருக்குல்ல, அதுல சுனை வரைக்கும் நான் ஏறியாச்சு. மிச்சம் அது இருக்குற எடத்துல இருக்கணும், நான் ஏறணும்."

"திமிரு பிடிச்சவ," என்றாள் செல்வராணி, பிடித்துப்போய்.

ஊருக்கு இதெல்லாம் பழகிவிட்டிருக்கும், இரண்டு காரியம் நடக்காமல் இருந்திருந்தால். ஒன்று, மலையேற வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, எதிரிலேயே உச்சி நிற்பதைப் பார்த்து, ஏறி, கையை விரித்துப் போட்டோ எடுத்து, அதே பஸ்ஸில் திரும்பிப்போனார்கள். ஐந்து நாள் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. சுமை தூக்குகிறவர்களும் கூடாரம் அடிக்கிறவர்களும் ராசாங்கத்தின் கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, ஆற்ற வேண்டியே இல்லாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மாவே காத்திருந்தார்கள். இரண்டாவதுதான் ராசாங்கத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஊசிமலை இருக்கிறது. காலம் காலமாகக் கொண்டைமலையைவிட நாற்பதடி குட்டை. கொண்டை போனபிறகு இருபதடி நெட்டை. ஊசிமலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா, பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு பலகை வைத்தார்கள்: இந்தப் பக்கத்தில் உயர்ந்த மலை இதுவே, பெண்கள் தாராளமாக ஏறலாம்.

"பொம்பளைங்கள ஏத்தி வெளம்பரம் பண்றாய்ங்க," என்று ராசாங்கம் குமுறினார்.

முதலில் மேளத்தோடு போய்க் கொண்டையை அழைத்துப் பார்த்தார்கள். பரமன் மாமா விசிலை ஊதிக்கொண்டு முன்னே நடந்தார். யானைப்பாறை வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது மேளக்காரர்கள் மட்டும்தான் வந்திருந்தார்கள். அடுத்ததாக, இவள் ஊரில் இருந்தால்தானே என்று நாகஜோதியைக் கீழே டவுனிலுள்ள அத்தை வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அவளும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு போனாள். கடைசி சீட்டுக்காரர்கள் பின்னால் பார்த்தபடியே இருந்தார்கள். ஆனால் மலைரோட்டில் பதினெட்டு வளைவு, ஒவ்வொரு வளைவிலும் பின்னால் இருப்பது கண்ணுக்கு மறையும், ஒவ்வொரு வளைவு முடிந்ததும் கொண்டை பஸ்ஸுக்குப் பத்தடி பின்னால் நிற்கும். ஒன்பதாவது வளைவில் டிரைவர் இறங்கி, "அம்மா தாயே, எனக்குக் காதும் அடைக்குது, வண்டியும் இழுக்கல, இத ஓவர்டேக்கும் பண்ண விட முடியாது, ஒதுங்கவும் எடமில்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

மறுநாள் காலையில் ராசாங்கம் அவள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நீயே கொண்டுபோயி விட்டுருத்தா. ஒங்கூடத்தான வருது."

"சுனை வரைக்குந்தான சித்தப்பா எனக்கு வழி?"

"அத அங்க போயிப் பாத்துக்கலாம்."

"சரி. நீங்களும் வாங்க. செயலாளரும் வரட்டும். ஃபாரத்த எடுத்துக்கங்க. பேனா எழுதுதான்னு பாத்து எடுத்துக்கங்க."

இப்படியாக நூற்றுப்பதினான்காவது தடவை அவள் ஏறினாள், இந்த முறை ஆட்களோடு ஒரு மலையுச்சியையும் கூட்டிக்கொண்டு. சமையலுக்கு என்று சொல்லிச் செல்வராணியும் கிளம்பினாள். நாகஜோதி எல்லாருக்கும் சொல்வதையே கொண்டைக்கும் சொன்னாள்: அவசரப்படாதே, சின்ன அடி வை, பின்னால் இருப்பவரைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு மாசத்துக்கு மேல் பள்ளத்தில் நின்றதில் அதற்கு உடம்பு இளகியிருந்தது. ஏலக்காட்டு வெக்கையில் அதன் விளிம்பெல்லாம் நீர் வடிந்தது, மரம் தலை கவிழ்ந்தது, தேனீக்கள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வந்தன. அவள் ஒவ்வொரு நூறடிக்கும் நின்றாள், எல்லாரையும் முன்னால் பார்க்கச்சொல்லிப் பத்து எண்ணினாள், திரும்பினால் அது வந்து நிற்கும். அது பரவாயில்லை. ராசாங்கம்தான் தொந்தரவு. இருபது வருஷமாகத் தலைவர், இருபது வருஷமாக மலையேறியது கிடையாது. இரண்டாம் நாள் மத்தியானம் சோலைக்குள் ஒரு வேரில் உட்கார்ந்து, இனி ஒரு அடி வைக்க மாட்டேன் என்றார். கண்ணில் தண்ணீர்.

"நின்னா நில்லுங்க, உக்காராதீங்க சித்தப்பா. உக்காந்தா காலு மறந்துரும். மூக்கால மூச்சு விடுங்க. வாயால கமிட்டி நடத்தாதீங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் காத்துவாசலைத் தாண்டினார். மேலே ஏற ஏறக் கொண்டைக்குத் தெம்பு வந்தது. புல்மேட்டில் அதன் மேல் உறைபனி பிடித்தது, மரம் நிமிர்ந்தது, புதிதாக இரண்டு மொட்டு வைத்தது.

நாலாம் நாள் விடியலில் எல்லாரும் கடைசிச் சுனையில் நின்றார்கள். மேலே, கொண்டை இருந்த இடம், சிரைத்த தலை மாதிரி மழமழவென்று தெரிந்தது. பள்ளத்தாக்குக்கு அப்பால் ஊசிமலை வெயிலைத் தனக்கு முதலில் வாங்கிக்கொண்டிருந்தது. நாகஜோதியின் கை, ஒன்பது வருஷப் பழக்கத்தில், யாரும் கேட்காமலே கழுத்துக்குப் போய் விசிலைக் கழற்றிப் பரமன் மாமாவிடம் நீட்டியது. நீட்டிய பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். தன் கை மீது அவளுக்கு வந்த கோபம் கமிட்டி மீதுகூட வந்ததில்லை.

பரமன் மாமா வாங்கிக்கொண்டார். முப்பதடி ஏறி நின்று ஊதினார். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்து எண்ணினார்கள். கொண்டை அசையவில்லை. மறுபடி ஊதினார். மறுபடி எண்ணினார்கள். தேனீக்கள்தான் கொஞ்சம் சத்தம் போட்டன. அவர் இறங்கிவந்து விசிலை அவள் கையில் வைத்தார்.

"எனக்கு முட்டி வலிக்குது தாயி, நீயே போ. மேல ஒண்ணும் கெடையாது, காத்துத்தான் அடிக்கும். ஆனா ஒண்ணும் இல்லங்கறத நான் சொல்லி நீ நம்பிட்டு இருக்காத. நீயே பாத்துட்டு வந்து சொல்லு."

எல்லாரும் ராசாங்கத்தைப் பார்த்தார்கள். ராசாங்கம் ஊசிமலையைப் பார்த்தார்.

"வெயில் ஏறுது," என்றார் கடைசியில். "எதுனாலும் சீக்கிரம் ஆகட்டும்."

அவள் போனாள். அரை மணி நேர ஏற்றம், அவள் கால்கள் இதற்கு முன் தொடாத அரை மணி நேரம். மொட்டைத் தரையில் போய், கிழக்கே பார்த்து, கீழே இருந்தவர்களுக்கும் கொண்டைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "எல்லாரும் திரும்புங்க," என்று ராசாங்கம் அதட்டினார், "யாரும் பாக்காதீங்க, பாத்தா நகராது." திரும்பினார்கள். பத்து எண்ணினார்கள், பயத்தில் இன்னொரு பத்தும் எண்ணினார்கள். பெரிய எருமை ஒன்று சேற்றில் முட்டி மடித்துப் படுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கொண்டைமலைக்குக் கொண்டை இருந்தது, கொண்டையின் மேல், கோணல் மரத்துக்குப் பக்கத்தில், அறுபதடி உயரத்தில், நாகஜோதி இருந்தாள். ஊசிமலை மறுபடியும் நாற்பதடி குட்டையாகியிருந்தது.

செல்வராணி குலவை போட்டாள். நாகஜோதி விசில் ஊதினாள். பள்ளத்தாக்கு அதை மூன்று தடவை திருப்பி ஊதியது. எல்லாரும் மூச்சு வாங்க வாங்கக் கொண்டையின் அடிக்கு ஏறிப்போனார்கள், செல்வராணி மட்டும் சுனையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். நாகஜோதி கொண்டையிலிருந்து இறங்கி வந்து, "பாத்தீங்களா சித்தப்பா? எழுதுங்க" என்றாள்.

ராசாங்கம் ஃபாரத்தை விரித்தார். பேனாவைத் திறந்தார். யோசித்தார். வந்த காரியம் முடிந்துவிட்டது, கொண்டை உட்கார்ந்துவிட்டது, அவர் மறுபடியும் தலைவராகிவிட்டார்.

"எழுதுறதுல ஒரு சிக்கல் இருக்குத்தா. ஏறிய நாள்னு கேட்டிருக்கான். நீ எங்க ஏறுன? நீ சும்மா நின்ன, அது ஒன் காலுக்கடியில வந்துச்சு. நீ அதுமேல கால வைக்கல, அதுதான் ஒங்கால வாங்கி வச்சுக்கிருச்சு. அதனால வழக்கமும் கெடல, பாரு. ரெண்டாவது, சாட்சி. கண்ணால கண்ட சாட்சின்னு போட்டிருக்கு. நாங்கதான் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நின்னமே. பாக்காதத பாத்தேன்னு பொய் எழுதச் சொல்றியா?"

செயலாளர், அதுதானே, அதுதானே என்றார். பரமன் மாமா முட்டியைத் தடவிக்கொண்டார். நாகஜோதி ஃபாரத்தை எட்டிப் பார்த்தாள். உச்சி ஏறிய நாள் என்ற கட்டத்தில் அவர் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தார்: உச்சியை நல்ல நிலையில் கொண்டுவந்து ஒப்படைத்த நாள்.

அவள் கத்துவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவளுக்கும் கத்த வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் நல்ல வாதம் நல்ல வாதம்தான், அது யார் வாயிலிருந்து வந்தாலும்.

"நீங்க சொல்றது சரிதான் சித்தப்பா," என்றாள். "பொய் எழுதக்கூடாது."

விறுவிறுவென்று இறங்கினாள். கடைசிச் சுனை வரைக்கும் இறங்கினாள். அங்கே உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து, இரண்டாம் நாள் அழாதவர்கள் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினாள். விசிலைக் கழுத்துக்குள் போட்டாள். சுனைத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு எழுந்து நின்று மேலே பார்த்துக் கத்தினாள், அந்தக் காற்றில் யாராலும் கத்த முடியாத அளவு கத்தினாள்:

"யாரும் திரும்ப வேண்டாம்! எல்லாரும் இங்கயே பாருங்க! கண்ணு சிமிட்டாமப் பாருங்க!"

ராசாங்கத்துக்குப் புரிந்தது. தடுக்கலாம் என்று வாயைத் திறந்தார், திறந்த வாயோடு கொண்டையைப் பார்த்தார், ஊசிமலையைப் பார்த்தார், தடுத்தால் இது மறுபடி யார் பின்னால் கிளம்பும், யார் வாசலில் நிற்கும், யார் பருப்பைக் கெடுக்கும் என்று பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். சுனையோரத்தில் செல்வராணி கரண்டியைக் கீழே வைத்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"ஏய் சோதி, மெல்லப் போடி. நானும் வர்றேன்."

நாகஜோதி முதல் அடி வைத்தாள். சின்ன அடி. மேலே எல்லாரும் கண் எரிய எரியப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பரமன் மாமா விரல்களால் இமைகளைப் பிடித்துக்கொண்டே பார்த்தார். செயலாளர்தான் தும்மினார், அவர் தும்மிய வேகத்தில் எல்லாருக்கும் ஒரு நொடி கண் மூடித் திறந்தது, திறந்தபோது கொண்டை ஒரு முழம் கீழே சரிந்திருந்தது, மரம் அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தது, இரண்டு கூழாங்கற்கள் அவளை நோக்கி உருண்டு வந்துகொண்டிருந்தன.

அவள் நின்றாள். கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அங்கயே இரு," என்றாள். "இப்ப நான் வர்றேன்."